அறுவடை யந்திரத்தின் கத்தியும் அதைச் செப்பனிடும் கைக்கருவிகளும்

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் சம்பா, தாளடி அறுவடை இப்பொழுது பெரும்பாலும் யந்திரத்தாலேயே நடைபெறுகிறது. தை, மாசி மாதங்களில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஜில்லாக்களின் சாலைகளில் பெல்ட் வண்டிகளும் டயர் வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வது வழக்கமான காட்சி. இவற்றுள் பல வெளி ஜில்லாக்களிலிருந்து வாடகைக்கு வருபவை. வண்டி எவ்வளவு குதிரை சக்தி உடையது, மணிக்கு என்ன வாடகை, எத்தனை மூட்டை நெல்லைத் தன் தொட்டியில் தாங்கும் என்றெல்லாம் நிலக்காரர்கள் விசாரிக்கிறார்கள். வண்டியின் முகப்பில், தரையை ஒட்டி, இடமும் வலமுமாக ஓடும் கத்தியைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. பயிரை முதன்முதலில் தொடுவது அக்கத்தியே. அது மழுங்கினால், பின்னால் உள்ள விலையுயர்ந்த உறுப்புக்கள் எல்லாம் செவ்வனே இருந்தும் பயனில்லை.

முற்காலத்தில் இந்தக் கவலை நிலக்காரருக்கு இல்லை. அறுப்பவர்க்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது; அறுத்த அளவுக்கு ஏற்றபடி கூலி. ஆதலால் கருக்கரிவாள் மழுங்கினால் நஷ்டம் அறுப்பவரையே சார்ந்தது. அவர் விடியுமுன் கொல்லன் பட்டறைக்குச் சென்று கருக்கு வெட்டிக்கொண்டுதான் வயலில் இறங்குவார். யந்திரமோ மணிக்கணக்கில் வாடகை பெறுகிறது. ஒரு மணியில் முடிய வேண்டிய ஏக்கருக்குக் கத்தி மழுங்கிய வண்டி ஒன்றே கால் மணி எடுத்துக்கொண்டால், அந்தக் கால் மணிக்கும் பணம் கொடுப்பவர் நிலக்காரர்தான். கருவி கெட்டால் கருவிக்காரருக்கு லாபமும் வயல்காரருக்கு நஷ்டமுமாக முடிகிற ஏற்பாடு இது. வண்டிக்காரர்கள் எல்லோரும் வேண்டுமென்றே இவ்வாறு செய்கிறார்கள் என்று கூறுவது அநியாயம். கத்தியை உடனே செப்பனிடும்படி அவர்களைத் தூண்டும் காரணம் ஒன்றும் வாடகை முறையில் இல்லை என்பதே குறை.

கத்தியின் அமைப்பு மிகவும் எளியது. 1833-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஓபெட் ஹஸ்ஸி என்பவர் காப்புரிமை பெற்ற அறுவடை யந்திரத்தில் அமைந்த முறையே அடிப்படையில் இன்றும் வழங்குகிறது. நீண்ட இரும்புப் பட்டை ஒன்றின்மேல் முக்கோண வடிவமான எஃகுத் தகடுகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். இவற்றையே ஓட்டுநர்கள் பிளேடு என்பர். ஒவ்வொரு தகடும் சாதாரணமாக 3 அங்குல அகலமுடையது. எனவே 12 அடி அகலம் அறுக்கும் வண்டியில் ஏறக்குறைய 48 தகடுகள் இருக்கும். இப்பட்டை, பிங்கர் எனப்படும் கூரிய விரல்களின் நடுவே நிமிஷத்திற்குச் சில நூறு தடவை போய்வருகிறது. தகட்டின் ஓரமும் விரலின் ஓரமும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப்போல் சேர்ந்து தாளைத் துண்டிக்கின்றன. இரண்டில் எது தேய்ந்தாலும் கத்தரிப்பு இல்லை, இழுப்புத்தான்.

நெல் தாளில் மணற்சத்து மிகுதி. கோதுமைத் தாளை அறுப்பதைவிட நெல் தாளை அறுக்கும்போது எஃகு விரைவில் தேய்வதற்கு இது ஒரு காரணம். வரப்பு மண், கல், சேற்றில் மறைந்த கட்டை ஆகியவை மற்றக் காரணங்கள். பயிர் நிமிர்ந்து நிற்கும்போது கத்தியைச் சற்று உயர்த்தி ஓட்டலாம். சாய்ந்துவிட்டால் தரையைத் தடவிக்கொண்டே போகவேண்டும். 2023-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் பெய்த பருவம் தப்பிய மழையில் டெல்டா ஜில்லாக்களில் அறுவடைக்கு நின்ற சம்பா, தாளடிப் பயிர்கள் ஏராளமாகச் சாய்ந்தன. இத்தகைய சமயத்தில்தான் கத்தி அதிகம் கெடுகிறது. இத்தகைய சமயத்தில்தான் வண்டியும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒரு நாள் தாமதமும் பொறுக்காத சமயமும் இதுவே. முற்றிய கதிரை மழுங்கிய கத்தி இழுத்து உலுக்கும்போது மணி வயலிலேயே உதிர்கிறது. வேரோடு பிடுங்கப்பட்ட தூர் சேற்றுடன் உள்ளே போகிறது. வைக்கோல் மாடு முகராதபடி மண்ணாகிறது. தாமதத்தால் மறு மழையில் நனைந்த நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே 17 சதவிகித ஈரப்பதம் என்ற வரம்பு காத்திருக்கிறது. உடைந்த தகடு ஒன்றின் விலையோடு இந்த நஷ்டத்தை ஒப்பிடவே இயலாது.

அப்படியானால் தகடு உடைந்தவுடன் அதை மாற்றாமல் ஏன் ஓட்டுகிறார்கள்? மாற்றுவதற்குரிய கருவிகள் வண்டியில் இல்லை என்பதே பெரும்பாலும் விடை. எஞ்சினுக்கு வேண்டிய ஸ்பானர்கள் இருக்கும். கிரீஸ் துப்பாக்கி இருக்கும். தகட்டைக் கழற்றிப் பொருத்தும் கருவி பட்டணத்துப் பட்டறையில் இருக்கும். இரண்டு தகடுகளுக்காக இருபது மைல் போய் வருவதைவிட, அவை இல்லாமலேயே ஓட்டிவிடலாம் என்று ஓட்டுநர் தீர்மானிக்கிறார். இரண்டு நாளைக்கு நான்காகிறது.

வேண்டிய கருவிகளோ ஒரு சிறிய தகரப் பெட்டியில் அடங்குபவை. பல வண்டிகளில் தகடுகள் ரிவெட்டு எனப்படும் தறையாணிகளால், தகட்டுக்கு இரண்டு வீதம், பட்டையோடு இறுக்கப்பட்டிருக்கின்றன. பழைய தகட்டை எடுக்க உளியால் ஆணித்தலையைச் செதுக்குவோர் உண்டு. அது நேரமும் பிடிக்கும், பட்டையின் துளையையும் கெடுக்கும். வைஸின் தாடைகளைச் சற்றே திறந்து, தகட்டின் முனை கீழ்நோக்கி அவற்றின் நடுவே இறங்கும்படியும், பட்டை தாடையின்மேல் ஊன்றி நிற்கும்படியும் வைத்து, தகட்டின் பின்விளிம்பில் கனமான சுத்தியலால் ஓங்கி அடித்தால் ஆணிகள் இரண்டும் கத்தரித்தாற்போல் அறுந்துவிடும். அடி தகட்டின்மேல் விழ வேண்டும், பட்டையின்மேல் விழலாகாது. துளையில் தங்கிய ஆணித் துண்டைப் பஞ்ச் கொண்டு தட்டிவிட்டால் வேலை தீர்ந்தது. கைதேர்ந்தவருக்கு இது சில நிமிஷ வேலை.

வயலோரத்தில் வைஸுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். இதற்கென்றே திருகுக் கருவி ஒன்று உண்டு. வளைந்த கனத்த இரும்புச் சட்டமும், அதன் ஒரு முனை வழியே இறங்கும் திருகுமே அதன் உறுப்புக்கள். சட்டத்தைப் பட்டையின்மேல் மாட்டித் திருகை ஸ்பானரால் முறுக்கினால் பழைய ஆணி வெளியே தள்ளப்படும். முனையை மாற்றி மறுபடி முறுக்கினால் புதிய ஆணியின் தலை அமுங்கி உருவாகும். சுத்தியல் அடியே இல்லாததால் பட்டை வளைவதில்லை. இடம் கொடுக்கும் வண்டிகளில் கத்தியை முழுவதும் உருவாமலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம். அச்சு வார்க்கும் பெரிய தொழிற்சாலை இதற்குத் தேவையில்லை. தரமான எஃகும் நல்ல மறையும் வெட்டத் தெரிந்த சிறு பட்டறையிலேயே இதைச் செய்யலாம். இத்தகைய கருவி ஒவ்வோர் அறுவடை வண்டியிலும் இல்லாதிருப்பதுதான் ஆச்சரியம்.

புதிய ஆணி பொருத்துவதிலும் பக்குவம் உண்டு. ஆணி மிக நீண்டால் அடிக்கும்போது மடியும். மிகக் குட்டையானால் தலை அமையாது. உருண்டைத் தலை வேண்டுமாயின் ஆணியின் குறுக்களவைப்போல் ஒன்றரை மடங்கு வெளியே நிற்பது சரியான அளவு. அடிப்புறத் தலைக்குக் கனத்த இரும்புக் கட்டியை அண்டை கொடுத்து, மேல்முனையை முதலில் சுத்தியலால் பருக்க அடித்து, பின்பு முனையில் குழி விழுந்த பஞ்ச் கொண்டு தலையை உருட்ட வேண்டும். முடிந்ததும் தகட்டைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இறுகிய தகடு கணீரென்னும்; தளர்ந்தது சளசளக்கும். தளர்ந்த தகட்டோடு வண்டியை ஓட்டுவது அண்டைத் தகட்டையும் விரலையும் உடைப்பதற்கு வழி.

தகடுகளிலும் வேற்றுமை உண்டு. ஓரம் வழவழப்பானவற்றை அரமும் சாணைக்கல்லும் கொண்டு, முன்னிருந்த சாய்வு மாறாமல் தீட்டிக்கொள்ளலாம். கருக்கரிவாளைப்போல் பல் வெட்டிய தகடுகளை அரத்தால் ராவுவது பல்லைத் தொலைப்பதாகும்; தேய்ந்தால் மாற்றுவதே முறை. கத்தித் தகடுகளுக்கென்று இந்தியத் தர நிர்ணயத்தில் 6025 என்ற எண்ணுள்ள தரம் இருக்கிறது. மலிவு விலைத் தகடு வாங்குவோர் அதைக் கேட்டு வாங்குவது நலம். விளிம்பு போதிய கடினமில்லாத தகடு சில ஏக்கருக்குள் மழுங்கிவிடும்.

உடைந்ததை எல்லாம் வெல்டிங் வைத்து ஒட்டிவிடும் வழக்கம் இப்பொழுது பரவியிருக்கிறது. தகட்டைப் பொறுத்தவரை இது வீண் செலவு. எஃகின் விளிம்பை வன்மைப்படுத்தியிருக்கும் பதம் அந்தச் சூட்டில் போய்விடுகிறது; ஒட்டிய இடத்துக்கு அருகே அது ஈயம்போல் மழுங்கும், அல்லது கண்ணாடிபோல் வெடிக்கும். முறிந்த பட்டையை ஒட்டுவது அவசரத்துக்கு ஆகுமெனினும், நூல் பிடித்தாற்போல் நேராக ஒட்டத் தெரிந்தவர் செய்ய வேண்டும். சற்றே கோணினாலும் கத்தி விரல்களில் உரசி வண்டியின் சக்தியைத் தின்னும்.

விரல்களைப் பற்றிய கவனம் இன்னும் குறைவு. புதுத் தகடுகளைப் போட்டுவிட்டு, வளைந்த விரல்களையும் முனை மழுங்கிய விரல்களையும் அப்படியே விடுவது, கத்தரிக்கோலில் ஓர் அலகை மட்டும் தீட்டுவதற்கு ஒப்பாகும். வரிசையின் இரு கோடிகளுக்கும் ஒரு நூல் கட்டிப் பார்த்தால் மேலோ கீழோ விலகிய விரல் தெரியும். வளையும் தன்மையுள்ள விரலாயின் ஒரு முழ நீளமுள்ள இரும்புக் குழாயை அதில் செருகி மெல்ல நெம்பி நேராக்கலாம். வெடித்த விரலை மாற்றிவிட வேண்டும். கத்தியை மேலிருந்து அமுக்கும் பிடிதகடுகளைச் சுத்தியலால் இலேசாகத் தட்டி இறக்கலாம். கத்தி மேலெழும்பாமலும், அதே சமயத்தில் தடையின்றி ஓடும்படியும் அவை இருக்க வேண்டும். சாதாரணக் கத்தி அமைப்பில், ஓட்டத்தின் இரு கோடிகளிலும் தகட்டின் நடுக்கோடு விரலின் நடுக்கோட்டில் வந்து நிற்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். நிற்காவிட்டால் எவ்வளவு கூரிய தகடும் பாதித் தாளை மென்றுவிட்டுப் போகும்.

அவசரத்துக்கு முழுக் கத்தி ஒன்றையே உபரியாக வைத்துக்கொண்டால் போதாதா என்று சில வண்டிக்காரர்கள் கேட்கிறார்கள். சிறந்த யோசனைதான், பகலில் மாற்றிக்கொண்டு இரவில் பழையதைச் செப்பனிடலாம். ஆனால் செப்பனிடுவதற்கு அதே கருவிகள் வேண்டுமே. தவிரவும், 12 அடிக் கத்தியை வளையாமல் ஊர் ஊராகக் கொண்டுபோவது எளிதன்று. ஆணிக்குப் பதிலாக மறையாணியும் நட்டும் கொண்டு தகடு பொருத்திய வண்டிகளில் இரண்டு ஸ்பானர்களே போதும். ஊர் ஊராகச் செல்லும் வாடகை வண்டிக்கு இவ்வமைப்பே உகந்தது எனலாம். எனினும் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு போல்ட்டைப் போடுவது ஆகாது. தலை உயரமாயிருந்தால் பிடிதகட்டில் இடிக்கும். எஃகு தாழ்ந்ததாயின் அறுந்து உள்ளே விழும்.

கருவிகளைப் பற்றிப் பேசும்போது கைகளைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கத்தியில் சிக்கிய தாளைக் கையால் பிடுங்கும் துணிச்சல் பல இடங்களில் காணப்படுகிறது. எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றி வேலை செய்பவரே தம் பையில் வைத்துக்கொண்டு, தூக்கிய முகப்புக்குக் கீழே அதற்குரிய தாங்கியைப் பொருத்திய பின்னரே கத்தியின் அருகில் கை போக வேண்டும். எண்ணெய் அழுத்தத்தால் நிற்கும் முகப்பு எப்பொழுதும் நிற்கும் என்று நம்பி அதன்கீழ் படுப்பது பெருந் தவறு. கனத்த கையுறையும் கண்ணாடியும் பெட்டியில் முதற் சாமான்களாக இருக்கட்டும். ஆணி அறும்போது தெறிக்கும் துணுக்கு கண்ணைத் தேடிப் போவதுண்டு.

இவ்விஷயத்தில் அரசாங்கம் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. வேளாண்மைப் பொறியியல் இலாகா தன் வாடகை வண்டிகள் ஒவ்வொன்றிலும் இக்கருவிப் பெட்டியை வைத்து வழிகாட்டலாம். மானியத்தில் அறுவடை யந்திரம் பெறும் வாடகை மையங்களுக்குப் பெட்டியை ஒரு நிபந்தனையாகவே விதிக்கலாம். ஓட்டுநர் பயிற்சியில் எஞ்சினுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பங்கைத் தகடு மாற்றுவதற்கு ஒதுக்கலாம். கருக்கரிவாள் குறைந்துபோனதால் வேலை இழந்து நிற்கும் கிராமக் கொல்லர்களை இப்பயிற்சிக்கு அழைப்பது எல்லாவற்றினும் மேல். இரும்பை அறிந்த கை அவர்களுடையது. திருகுக் கருவியும் சில நூறு ஆணிகளும் பலவகைத் தகடுகளும் கொடுத்தால், பட்டணத்துப் பட்டறையில் நடக்கும் வேலை ஊர்க்கோடியிலேயே நடக்கும்.

நிலக்காரர்கள் செய்யக்கூடியது இலாகாவின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதன்று. வண்டி வயலில் இறங்குமுன் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, கத்தியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்து, உடைந்த தகடுகளையும் விரல்களையும் எண்ணிக்கொள்ளலாம். பழுது நீக்கும் நேரம் வாடகையில் சேராது என்பதை வண்டிக்காரரிடமோ தரகரிடமோ முன்னதாகப் பேசி முடித்துக்கொள்ளலாம். ஒரு வாய்க்கால் பாசனத்து மிராசுதார்களும் குத்தகைக்காரர்களும் ஒன்றுகூடி இப்படிக் கேட்பார்களாயின் எந்த வண்டிக்காரரும் மறுக்கமாட்டார். மறுப்பவருக்கு அந்த வாய்க்காலில் வேலை கிடைக்காது. தைப் பொங்கலுக்குப் பிறகு வண்டிகள் வந்து குவியும்போது இதைப் பேச நேரமிராது. மார்கழியில், வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே பேசிவிட வேண்டும்.