பிளேட் போகவில்லை, காற்றுதான் புகுந்திருக்கிறது!

(இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



மலரில் கவிதைகள் நிறைய வந்திருக்கும். நான் கிளட்சைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்! நம்மில் பலருக்கு நாளைக்குச் சோறு போடப்போவது எது என்று சற்றே யோசித்துப் பாருங்கள்.

முதலில் ஒரு கேள்வி. ஒரு வண்டி வருகிறது. கிளட்ச் பெடலை மிதிச்சா வழக்கத்தைவிட லேசா உள்ளே போகுது. ஃபர்ஸ்ட் கியர் விழ மாட்டேங்குது. ரிவர்ஸ் போட்டா ‘கர்ர்ர்’ன்னு கத்துது. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டுப் போட்டா எல்லாக் கியரும் வெண்ணெய் மாதிரி விழுது. வண்டிக்கு என்ன வியாதி?

“கிளட்ச் பிளேட் போச்சு சார், செட்டோட மாத்திடுங்க.” நிறைய ஷெட்டில் இதுதான் பதில். நம் வகுப்பில் கேட்டாலும் இதே பதில்தான் வரும், கூடவே ஒரு படம் வரைந்து பாகமும் குறிப்போம்!

என் கருத்து என்னவென்றால், ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியில் இந்தக் குறைக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளேட்டை அல்ல, பைப்புக்குள் புகுந்த காற்றை. ஏர் எடுத்துப் பார்க்காமல் பிளேட்டைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அந்த ஏர் எடுக்கும் வேலையை டிப்ளமோ மாணவன் ஒவ்வொருவனும் தன் கையால் செய்து பழகாமல் வெளியே போகக் கூடாது.

கிளட்ச் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, பிடிக்காது. ஆக்ஸிலேட்டர் மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி இழுக்காது, மேட்டில் கருகிய வாடை வரும். இதுதான் ஸ்லிப். பிளேட் தேய்ந்தால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். இன்னொன்று, விடாது. பெடலை முழுக்க மிதித்தாலும் பிளேட் முழுசாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும், கியர் கத்தும். இது டிராக். காற்று புகுந்தால் வருவது இந்த இரண்டாவதுதான். பரீட்சைக்கு இரண்டுக்கும் தனித்தனியாகக் காரணம் எழுதி மார்க் வாங்குகிறோம். வண்டி முன்னால் நின்றால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது!

பிளேட் வளைந்திருந்தாலும், டயாஃப்ரம் ஸ்பிரிங் உடைந்திருந்தாலும், ஃபோர்க் வளைந்திருந்தாலும் கிளட்ச் விடாதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதையெல்லாம் பார்க்க கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஏர் எடுக்க அரை மணி நேரமும் ஒரு பாட்டில் பிரேக் ஆயிலும் போதும். எதை முதலில் செய்வது நியாயம்?

பழைய மாருதி 800ல் கேபிள்தான். காற்று என்ற பேச்சே கிடையாது. மேனுவல் கியர் இன்னோவா மாதிரி வண்டிகளில் பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவே திரவம் இருக்கிறது. பெடல் பக்கம் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர். ஷெட்டில் மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். மேல் சிலிண்டர் விட்டம் 16 மி.மீ., கீழ் சிலிண்டர் 20 மி.மீ., பெடல் விகிதம் 5க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். காலால் 10 கிலோ அழுத்தினால் மேல் பிஸ்டனில் 50 கிலோ. அதன் பரப்பு சுமார் 2 சதுர செ.மீ. ஆகவே திரவத்தில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 25 கிலோ. கீழே 3.14 சதுர செ.மீ. பரப்பில் அது சுமார் 78 கிலோவாகத் தள்ளுகிறது. பாஸ்கல் விதி! இதுவரைக்கும் புத்தகத்தில் இருக்கிறது.

இனிமேல்தான் விஷயம். மேல் பிஸ்டன் 25 மி.மீ. நகர்ந்தால் தள்ளப்படும் திரவம் வெறும் 5 சி.சி. அதனால் கீழ் ராடு நகர்வது 16 மி.மீ. இந்தப் பைப்பில் 1 சி.சி. காற்று மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். ராபர்ட் பாயில் 1662ல் சொன்ன விதிப்படி, அந்த அழுத்தத்தில் காற்று 26ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதாவது நாம் தள்ளிய 5 சி.சி.யில் ஏறக்குறைய 1 சி.சி. அந்தக் குமிழியைச் சுருக்கவே செலவாகிவிட்டது. கீழ் ராடு 3 மி.மீ. குறைவாக நகரும். 16க்குப் பதில் 13! கியர் ஏன் கத்தாது? ஊசி போடும் சிரிஞ்சில் ஒரு கோடு அளவுக் காற்று, ஒரு நல்ல பிளேட்டைக் கெட்ட பிளேட் ஆக்கிவிடுகிறது.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். என் தாய்மாமா டாக்ஸி ஓட்டுகிறார். நான் பள்ளியில் படித்தபோது அவர் வண்டிக்கு இதே குறைதான் வந்தது. ஒரு ஷெட்டில் பிளேட் போச்சு என்று சொல்லி கிளட்ச் செட்டையே மாற்றினார்கள். 14 ஆயிரம் ரூபாய், வட்டிக்கு வாங்கிக் கட்டினார். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு மறுபடியும் ‘கர்ர்ர்’. வேறொரு மேஸ்திரி கீழ் சிலிண்டருக்கு வாஷர் கிட் மாற்றி ஏர் எடுத்தார். சில நூறு ரூபாயில் முடிந்தது! பிறகு ஏன் அந்த இரண்டு மாதம் ஓடியது என்கிறீர்களா? செட் மாற்றும்போது கூடவே ஏரும் எடுத்திருப்பார்கள், வேறென்ன?

மாமா அந்தப் பழைய பிளேட்டைச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருந்தார். இந்த வருடம் வெர்னியர் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிறகு அதை இறக்கி அளந்து பார்த்தேன். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகமாக நிற்கிறது. 0.3 மி.மீ. வரை விடலாம் என்பது பல கையேடுகளில் உள்ள எல்லை. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. வட்டி கட்டி முடித்த மனுஷனிடம் போய் என்ன சொல்வது?

அந்த ஷெட்காரர் ஏமாற்றினாரா, தெரியாமல் செய்தாரா? எனக்குத் தெரியாமைதான் என்று படுகிறது. கை பழகியிருக்கிறது, கணக்கு போய்ச் சேரவில்லை. நமக்கோ கணக்கு வந்துவிட்டது, கை வரவில்லை. நம் லேபில் கட் மாடல் கிளட்ச் இருக்கிறதே, சிவப்பும் பச்சையும் பெயின்ட் அடித்து! அதில் ஒரு சொட்டுத் திரவம் உண்டா?

சரி, எப்படி எடுப்பது? இரண்டு பேர் வேண்டும். மேலே டப்பாவை நிரப்பிக்கொள்ள வேண்டும். கீழ் சிலிண்டரின் நிப்பிளில் கண்ணாடி மாதிரித் தெரியும் ஹோஸைச் செருகி, அதன் மறுமுனை ஒரு பாட்டிலில் கொஞ்சம் புதுத் திரவத்துக்குள் முங்கியிருக்க வேண்டும். ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும், டபுள் எண்ட் போட்டால் நிப்பிளின் முனை மழுங்கிப் போகும். பிறகு அந்தப் பழைய பாட்டுத்தான்: “அமுக்கு! ... புடி! ...” இப்போது கீழே இருப்பவன் அரைச் சுற்று லூஸ் பண்ண, திரவமும் குமிழியும் சீறிக்கொண்டு வரும், பெடல் தரையைத் தொடும். டைட் பண்ணிய பிறகுதான் “விடு!” இந்த வரிசையில்தான் உயிரே இருக்கிறது. டைட் பண்ணுமுன் மேலே இருப்பவன் காலை எடுத்தால், போன காற்று முழுக்கத் திரும்ப உறிஞ்சி வந்துவிடும். சில வண்டியில் பெடல் தானாக மேலே வராது, கையால் தூக்கிவிட வேண்டும். டப்பா காலியாக விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பெடல் மிதிப்பவனைச் சின்னப் பையன் என்று நினைக்கிறோம். தப்பு! அவன் காலுக்குத்தான் முதலில் தெரியும், மெத்தையை மிதிக்கிற மாதிரி இருந்தது எப்போது கெட்டியாக மாறியது என்று. கீழே படுத்திருப்பவன் பார்ப்பது குமிழியை மட்டும்.

எத்தனை தடவை எடுத்தாலும் சில வண்டியில் காற்று தீராது. பைப் நடுவே மேடாக வளைந்து போனால் காற்று அந்த மேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது மேலே போகத் துடிக்கிறது, நாம் கீழே இழுக்கிறோம்! அப்போது பெரிய சிரிஞ்சால் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மெதுவாகத் திரவத்தை ஏற்றினால், மேல் டப்பாவில் குமிழி வந்து உடையும். டப்பா வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்து வரும். சிலிண்டரைக் கழற்றி மாட்டும்போது நிப்பிள் மேல்பக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கீழ்ப்பக்கம் இருந்தால் விடிய விடிய மிதித்தாலும் காற்று வராது.

பிரேக் ஆயில் என்கிறோமே, அது ஆயிலே இல்லை. டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் வகை. அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றினால் உள்ளே ரப்பர் வாஷர் எல்லாம் ஊதிப்போகும். இது ஈரத்தை வேறு இழுக்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி விட்டுவிடுகிறது. போன வருடம் திறந்து வைத்த பாட்டிலை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. “ஏர் எடுத்தாச்சு, சரியாயிடுச்சு” என்று காசு வாங்கி அனுப்பிவிடுவது. மூடிய பைப்புக்குள் காற்று சும்மா வருமா? கீழ் சிலிண்டரின் ரப்பர் பூட்டை உரித்துப் பார்த்தால் ஈரம் இருக்கும். இல்லையென்றால் பெடலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். வெளியே எங்கும் ஒழுகல் இல்லை, ஆனால் பெடலை மிதித்துப் பிடித்தபடியே இருந்தால் வண்டி மெல்ல நகரப் பார்க்கிறது என்றால், மேல் சிலிண்டரின் உள் வாஷர் திரவத்தைப் பின்பக்கம் விடுகிறது. ஒழுகலை நிறுத்தாமல் ஏர் எடுப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் டப்பா ஒன்றே. அங்கே அலட்சியம் கூடவே கூடாது.

“மின்சார வண்டி வந்தாச்சு, இனி கிளட்சே இருக்காது, இதைப் படிச்சு என்ன பண்ண?” என்று ஒரு நண்பன் கேட்டான். மின்சாரக் காருக்கும் பிரேக் ஹைட்ராலிக்தான் தம்பி! காற்று அங்கேயும் சுருங்கும். மெஷின் வைத்து ஏர் எடுக்கிறார்களே என்றால், எடுக்கட்டும், நல்லதுதான். மெஷின் இல்லாத ஊரில்தான் நம்மில் நிறையப் பேர் வேலை பார்க்கப்போகிறோம்.

லேபுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. காயலான் கடையில் ஒரு மேல் சிலிண்டர், ஒரு கீழ் சிலிண்டர், ஒரு பெடல் கிடைக்கும். ஆங்கிள் சட்டத்தில் மாட்டி, நடுவே அழுத்தம் தாங்கும் பைப் போட்டு, கீழ் ராடுக்கு எதிரே ஒரு ஸ்பிரிங் வைத்தால் போதும். ராடு பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் ஒட்டிவிடலாம். காற்றோடு மிதித்தால் எத்தனை மி.மீ., எடுத்த பின் எத்தனை மி.மீ. என்று ஒவ்வொருவனும் அளந்து ரெக்கார்ட் நோட்டில் எழுதட்டும்.

சட்டத்தை வெல்டிங் ஷாப்பில் செய்துகொள்ளத் துறை ஆசிரியர்கள் அனுமதி தர வேண்டும் என்று யூனியன் வழியாகக் கேட்கிறோம். மூன்றாம் ஆண்டு அண்ணன்கள் யார் வீட்டிலாவது, ஷெட்டிலாவது பழைய சிலிண்டர் கிடந்தால் கொண்டுவந்து கொடுங்கள். வாஷர் கிட்டுக்கும் திரவத்துக்கும் ஆகிற செலவை எங்கள் வகுப்பே பங்கு போட்டுக்கொள்கிறது.