எந்த வகை என்று கேளுங்கள்

சிறுநீரில் ரத்தம் கண்டால் நம் வீடுகளில் முதலில் வருகிற வார்த்தை "சூடு". தில்லி வெயிலில் அலைந்த சூடு, இரண்டு நாள் ரயிலில் வந்த சூடு. உடனே இளநீர், பார்லித் தண்ணீர், ஊற வைத்த வெந்தயம் என்று கைவைத்தியம் ஆரம்பமாகும். மறுநாளோ அதற்கு மறுநாளோ நிறம் தெளிந்துவிடும். வலியும் கிடையாது. "சொன்னேனா இல்லையா?" என்பார் வீட்டுப் பெரியவர். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் சுபாவமே இதுதான். வலியில்லாமல் ரத்தம் வரும், தானாகவே நின்றும் போகும். நம் வெந்தயம் நிறுத்தியதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

நண்பர் ஒருவரின் தகப்பனார் ஊரிலிருந்து தொலைபேசியில் சொன்னாராம்: "ஒண்ணுமில்லப்பா, சின்னக் கட்டி. குழாய் விட்டுச் சுரண்டி எடுத்துட்டாங்க. நீ லீவு போட்டுண்டு வர வேண்டாம்." மகனும் நிம்மதியாக இருந்துவிட்டார். பயாப்ஸி ரிப்போர்ட் பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் எட்டு மாதம் கிடந்தது. கட்டி தசை வரை இறங்கியிருக்கிறது என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது.

இதற்கு நேர்மாறான குடும்பங்களும் உண்டு. "கேன்சர்" என்ற சொல் காதில் விழுந்ததுமே குரல் தாழ்ந்துவிடும். பெண்ணின் கல்யாணத்தை முன்னால் தள்ளுவார்கள். நோயாளிக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இத்தனைக்கும் அவருக்கு வந்தது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாத வகையாக இருக்கலாம்! இரண்டு குடும்பங்களும் செய்யும் தவறு ஒன்றே. எந்த வகை, எவ்வளவு ஆழம் என்று யாரும் கேட்கவில்லை.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அல்ல. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வருவது, பையின் உள் தோலில் தோன்றும் யூரோதீலியல் கார்சினோமா. அதிலும் முக்கால்வாசிப் பேருக்குக் கண்டுபிடிக்கும்போது தசையைத் தொட்டிருக்காது. பாசி போல மேலாக முளைக்கிற, வீரியம் குறைந்த வகை திரும்பத் திரும்ப வரும். ஆனால் உயிரை வாங்குவது அரிது. தட்டையாகப் படர்ந்திருக்கும் 'கார்சினோமா இன் சிட்டு' பார்வைக்குச் சாது, குணத்தில் பொல்லாதது. தசைக்குள் போகக் கூடியது.

மேலாக இருந்தாலும் வீரியம் மிகுந்த இத்தகைய கட்டிகளுக்கு, சுரண்டி எடுத்த பின் வாரம் ஒரு முறையாக ஆறு வாரம் பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் செலுத்துகிறார்கள். குழந்தைக்குக் காசநோய் வராமலிருக்கக் கையில் போடும் அதே பி.சி.ஜி.தான். கனடாவில் மொராலஸ் என்ற மருத்துவர் 1976-இல் இதன் பலனை வெளியிட்டார். இன்றும் இதற்கு ஈடாக எளிதில் வேறொன்று அமையவில்லை.

தசைக்குள் இறங்கிவிட்டால் கதை வேறு. சிகிச்சை இல்லாமல் விட்டால் பெரும்பாலோர் இரண்டு ஆண்டைத் தாண்டுவதில்லை. மருந்து கொடுத்துப் பையை அகற்றினாலோ, தகுந்தவர்களுக்கு மருந்தோடு கதிர்வீச்சு கொடுத்தாலோ, ஏறக்குறையப் பாதிப்பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் இருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சை மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் அந்த வாய்ப்பும் குறைகிறது. பீரோவில் கிடந்த எட்டு மாதத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

அமெரிக்கக் கணக்கு ஒன்று சொல்கிறேன். உள் தோலோடு நின்றவர்களில் ஐந்து ஆண்டு பிழைப்போர் நூற்றுக்குச் சுமார் 96. சுவருக்குள் இறங்கி, பையைத் தாண்டாதவர்களில் சுமார் 70. அண்டைப் பகுதிக்குப் பரவியிருந்தால் 40-ஐ ஒட்டி. தூர உறுப்புகளுக்குப் போயிருந்தால் பத்துக்கும் கீழே. நம் நாட்டுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா. இறங்குகிற வரிசை மட்டும் எங்கும் மாறாது.

மீதமுள்ள சில வகைகள் அபூர்வம். ஸ்குவாமஸ் வகை, நெடுநாள் கல்லோ குழாயோ பையை உறுத்திக்கொண்டிருப்பவர்களுக்கு வரும். எகிப்தில் நீர்நிலைப் புழு ஒன்றின் தொற்றால் ஒரு காலத்தில் இதுவே மிகுதியாக இருந்தது. பெரும்பாலும் ஆழமாகப் போன பிறகே தெரியவரும். கத்திதான் முக்கிய சிகிச்சை. ஸ்மால் செல் வகை அதிவேகமாகப் பரவும். அதற்கு மருந்துதான் முதலில். பெயர் மாறினால் வைத்தியத்தின் வரிசையே மாறிவிடுகிறது என்பதற்காகத்தான் இவற்றைச் சொல்கிறேன்.

ஆகவே ரிப்போர்ட்டில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். என்ன வகை? வீரியம் கூடியதா, குறைந்ததா? எடுத்த துணுக்கில் தசை இருந்ததா, இருந்தால் அதில் நோய் உண்டா? துணுக்கில் தசையே இல்லை என்றால், பெரும்பாலும் சில வாரங்களுக்குள் மறுபடி சுரண்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அதை மருத்துவர் சொல்லக் காத்திராமல் நீங்களே கேட்கலாம். நம்மில் பலர் ஆபீசில் அதிகாரியையே கேள்வி கேட்பவர்கள், டாக்டர் முன்னால் மட்டும் வாய் திறப்பதில்லை.

அம்மாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நோய் ஆண்களுக்கே அதிகம். பீடி, சிகரெட் முதல் காரணம். அதனாலேயே பெண்களுக்கு ரத்தம் வந்தால் நீர்க்கடுப்பு, கர்ப்பப்பைக் கோளாறு என்று மாத்திரை மேல் மாத்திரை கொடுத்து மாதங்கள் ஓடிவிடுகின்றன. அவர்களுக்கு நோய் முற்றிய நிலையில் தெரியவருவது அதிகம். மாதவிடாய் நின்று பல வருஷமான அம்மா ரத்தம் என்று சொன்னால், யூராலஜிஸ்டிடம் போய் உள்ளே குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம்மைப் போல் ஊர் விட்டு வந்த குடும்பங்களுக்கென்றே ஒரு சங்கடம் இருக்கிறது. பெற்றோர் ஆறு மாதம் தில்லியில் மகனிடம், ஆறு மாதம் சென்னையில் மகளிடம். சுரண்டி எடுத்த மூன்றாம் மாதம் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், அதன் பிறகும் வருஷக்கணக்கில் தொடர வேண்டும். "அங்கே பார்த்திருப்பார்கள்" என்று இவரும், "இங்கே வந்து பார்ப்பார்கள்" என்று அவரும் இருந்துவிடுகிறார்கள். ஃபைல் ஒரு ஊரில், அப்பா ஒரு ஊரில்.

அடுத்த முறை அப்பாவுக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடும்போது, சோதனைத் தேதி எந்த ஊரில் வருகிறது என்று அக்காவோடு பேசிவிட்டுப் போடுங்கள். ஃபைலை அவர் பெட்டியில் மேலாக வையுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவருக்கும் சொல்லிவிடுங்கள். எந்த ஊரில் இருந்தாலும் "எனக்குச் சோதனை நாள் வந்தாச்சு" என்று அவரே கேட்பார்.