சார்ஜ் எவ்வளவு, சாப்?

ஆபீசில் ஆணி அதிகம், அதான் கொஞ்ச நாளாய் இந்தப் பக்கம் வரவில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் தூக்கம் வராது. பொறுத்தருள்க மக்களே.

போபாலுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம். ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்கள் கிளையில் வீட்டுக் கடனை முழுசாய் அடைத்தார். இருபதாம் நாளே பத்திரத்தைக் கொடுத்துவிட்டோம். அப்புறம் அவருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் 'சார்ஜ் ரிலீஸ் பெண்டிங்' என்று ஒரு வரி. அதன் கீழே இந்தியில் 'பிரபார்' பாக்கி என்று ஒரு வரி. மனுஷன் பதினெட்டு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து "கித்னா சார்ஜ்?" என்று கேட்க, கவுண்டர் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்து "ஒன்றுமே பாக்கி இல்லை" என்று அனுப்பிவிட்டான். மறுவாரம் சட்டைப்பையில் ரெண்டாயிரம் ரூபாயோடு என் மேஜை முன்னால் நிற்கிறார். ராத்திரி தூங்கவில்லையாம். வீடு போய்விடுமோ என்று பாபிஜி அழுகிறாராம்.

விஷயம் இதுதான். அந்த சார்ஜ் கட்டணம் இல்லை. கடனுக்காக வீட்டின் மேல் வங்கிக்கு இருந்த பிடி. செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் அதைப் பதிந்து வைப்போம், கடன் அடைந்ததும் நாங்கள்தான் நீக்க வேண்டும். நாங்கள் நீக்கவில்லை. டிசம்பர் 1, 2023 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, தனிநபர் கடன் அடைந்த 30 நாளுக்குள் பத்திரத்தையும் கொடுத்து, அந்தப் பதிவையும் நீக்கியாக வேண்டும். எங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நாங்கள் தர வேண்டும். அன்றைக்கு 41-ஆம் நாள். அதாவது 55,000 ரூபாய் வாங்க வேண்டியவர், ரெண்டாயிரம் கட்ட வந்து கைகட்டி நிற்கிறார்!

இதைச் சொன்னபோது என் சக அதிகாரி ஒருத்தர் (எம்.பி.ஏ., கான்வென்ட்) சொன்னார்: "இதுக்குத்தான் இங்கிலீஷ் தெரிஞ்சிருக்கணும். அதுல இருக்கிற துல்லியம் நம்ம பாஷைகள்ல வராது."

துல்லியமா? எங்கேய்யா இருக்கு துல்லியம்? நான் இதுவரை ஆறு கிளைகளில் 'சார்ஜ்' எடுத்திருக்கிறேன். 'சார்ஜ் ஷீட்' ஒன்றும் வாங்கவில்லை, முருகன் துணை :-). செக் திரும்பினால் சார்ஜ், செத்துப்போன போனுக்கு சார்ஜ், கூட்டத்தைக் கலைக்க லத்தி சார்ஜ். ஜப்பானில் ரயில் அட்டையில் காசு ஏற்றுவதுக்குப் பேர் சார்ஜ். நம்மூரில் கணக்கிலிருந்து பிடுங்குவது சார்ஜ். வரவும் சார்ஜ், பற்றும் சார்ஜ்! ஜெர்மன்காரன் மருந்து டப்பாவில் போடும் 'ஷார்ஷ' என்பது ஒரே தடவையில் தயாரித்த தொகுதி. எல்லாவற்றுக்கும் மூலம், வண்டியில் பாரம் ஏற்றுவது என்ற பழைய லத்தீன் சொல். கார், கார்கோ எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

தமிழைப் பாருங்கள். குற்றம் சுமத்துகிறோம், பொறுப்பு ஏற்கிறோம், பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிறோம். அதே பாரம்தான். ஆனால் எதை ஏற்றுகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். வீட்டின் மேல் இருக்கும் பாரத்துக்கோ 'வில்லங்கம்' என்று ஒரு சொல் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட நிலம் வாங்கும்போது "வில்லங்கம் பாத்தியா?" என்பாள். இதற்கு எந்த கான்வென்டிலும் படிக்க வேண்டாம்.

இந்தியிலும் சொல் இல்லாமல் இல்லை. 'கிர்வி' என்றால் அடமானம் என்று காய்கறி வண்டிக்காரருக்கும் தெரியும். ஆனால் கடிதங்களை மொழிபெயர்க்கும் புண்ணியவான்கள் சேவைக் கட்டணத்துக்கும் 'பிரபார்', சொத்தின் மேலுள்ள பிடிக்கும் 'பிரபார்' என்று போட்டு, ஆங்கிலத்தின் குழப்பத்தை அப்படியே சமஸ்கிருத வேஷம் கட்டி இறக்கியிருக்கிறார்கள். (இந்தி இயற்பியல் புத்தகத்தில் மின்னூட்டத்துக்கு 'ஆவேஷ்' என்று பேர். நம்மூர் ஆவேசம்தான்! அதையாவது ரசிக்கலாம்.) மூன்று மொழியில் அச்சடித்தால் கடமை முடிந்தது என்கிறார்கள். வாசிப்பவனுக்குப் புரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தக் கடிதத்தின் கீழே இருந்தது என் கையெழுத்துதான், படிக்காமல் போட்டது.

பெரியவருக்கு டீ வரவழைத்து, அவர் எதிரிலேயே பதிவை நீக்க வைத்தேன். பிறகு வெள்ளைத்தாளில் என் ஓட்டை இந்தியில் எழுதினேன்: உங்கள் வீடு இனி கிர்வி இல்லை, வங்கிக்கு நீங்கள் ஒரு பைசாவும் தர வேண்டாம், வங்கிதான் உங்களுக்கு 55,000 தர வேண்டும். மூன்று தடவை படித்தார். அதில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தியும் கொடுத்தார்.

பணம் அவர் கணக்கில் ஏறிவிட்டது. ஏன் கொடுத்தாய் என்று எனக்கு ஒரு மெமோ. பதில் எழுதியபோது கூடவே, கடித வாசகத்தை மாற்றச் சொல்லி ஒரு மாதிரியும் அனுப்பினேன். நேற்று போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பிரிவுக்குப் புதிதாய் வந்தவர் இன்னும் சார்ஜ் எடுக்கவில்லையாம்.