ஊர்வாயும் உலைமூடியும்

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது தமிழ்நாட்டுச் சிற்றூர்தோறும் வழங்கும் பழமொழி. ஒருவன் வீடு கட்டினாலும் ஊர் பேசும். கட்டிய வீட்டை விற்றாலும் ஊர் பேசும். தன் வீட்டுச் செயலுக்கே இந்நிலையென்றால், ஊர் நடுவே பந்தற்கால் நட்டுத் தமிழ்க் கலைவிழா எடுக்க முனைவோர்க்கு என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

தைத்திங்கள் பிறப்பதற்கு முன்பே அவ்விளைஞர் கூடிவிடுகின்றனர். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் தறி நெய்பவர். ஒருவர் தேநீர்க்கடை வைத்திருப்பவர். மற்றவர் கல்லூரி மாணவர். நூறும் இருநூறுமாகத் தண்டிய தொகையில் பந்தலும் விளக்கும் ஒலிபெருக்கியும் அமைய வேண்டும். காவல் நிலையத்தில் இசைவு பெற வேண்டும்; திடலுக்குப் பேரூராட்சியிற் பணம் கட்ட வேண்டும்; தொலைவிலிருந்து வரும் கூத்தர்க்குச் சோறும் படுக்க இடமும் ஒழுங்கு செய்ய வேண்டும். இவ்வளவும் முடியுமுன்பே ஊர்வாய் திறந்துவிடுகிறது.

‘தண்டிய பணத்தில் எவ்வளவு எவன் பைக்குப் போயிற்று?’ என்பது முதற் கேள்வி. ‘திரைப்பாட்டு இல்லாத விழாவுக்கு யார் வருவார்?’ என்பது இரண்டாவது. ‘எல்லாம் தமிழிலேயே இருக்க வேண்டும் என்பது மொழிவெறியன்றோ?’ என்பது மூன்றாவது. ‘சாவுக்கு அடிக்கும் பறையை மேடையில் ஏற்றுவதா?’ என்பது நான்காவது. முதல் மூன்றும் தெருவில் உரக்கக் கேட்கப்படுகின்றன. நான்காவது திண்ணையில் தாழ்ந்த குரலிற் கேட்கப்படுகிறது. ஆயினும் அதுவே அடியிற் கனன்றுகொண்டிருப்பது.

இவற்றைக் கேட்ட இளைஞர் இருவகையாற் பிழை செய்கின்றனர். சிலர் மனமொடிந்து விழாவையே கைவிடுகின்றனர். வேறு சிலர் குறைகூறிய அனைவரையும் ‘இனப்பகைவர்’ என ஒரே கயிற்றிற் கட்டி ஒதுக்கிவிடுகின்றனர். முன்னது கோழைமை, பின்னது சோம்பல். கூறப்படும் குறை யாது என்பதோடு, கூறுவோர் எங்கு நின்று கூறுகின்றார் என்பதையும் பார்த்தல் வேண்டும். மேலே நின்றுகொண்டு ‘நீ இங்கே ஏறாதே’ என்பவர்க்கு வளையாமையே விடை. கீழே நிறுத்தப்பட்டவர் ‘எனக்கு இங்கே இடம் எது?’ என்று கேட்டால், விழா எடுப்போர் வளைந்து கொடுத்தலே விடை. இவ்வேறுபாட்டை அறியாத விழாக்குழு பகைவனுக்கு வளைந்து, உடன்பிறந்தானிடம் விறைத்து நிற்கும்.

தமிழ்நாட்டு இசை வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உள. தஞ்சையில் மருத்துவராய் விளங்கியவர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). அவர் 1912 முதல் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு இசை மாநாடுகள் கூட்டினார். ஓர் இயக்கில் அமையும் அலகுகள், அஃதாவது சுருதிகள், இருபத்திரண்டே என்று வடநூல்வழி நின்றோர் கூறிவந்தனர். பண்டிதரோ சிலப்பதிகார இசைக் குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு அவை இருபத்துநான்கு என நிறுவ முற்பட்டார். எதிர்ப்புகள் எழுந்தன. அவர் ஏசியவரை ஏசிக்கொண்டிருக்கவில்லை. 1916-இல் பரோடாவில் கூடிய இசை மாநாட்டிற்குத் தம் மகளிரை அழைத்துச் சென்று, தம் கொள்கையை வீணையில் இசைத்துக் காட்டச் செய்தார். மறு ஆண்டு, 1917-இல், ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அவர் கணக்கை இன்றும் ஏற்பாரும் மறுப்பாரும் உளர். ஆனால், தமிழிசைக்குத் தொன்மையான இலக்கணம் உண்டு என்பதை அவர்க்குப்பின் வந்தோர் புறக்கணித்துப் பேச முடியாமற் போயிற்று.

மற்றொரு சான்று தஞ்சைக்கு அணித்தாகக் காவிரிக் கரையிலுள்ள திருவையாறு. 1847-இல் மறைந்த தியாகராசருக்கு ஆண்டுதோறும் அங்கு இசைவிழா நடந்துவந்தது. விழா எடுத்தோர் பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரண்டாய்ப் பிரிந்து நின்றனர். பெண்கள் பாடுதற்கு மட்டும் இருவருமே இடந்தரவில்லை. தேவரடியார் மரபிற் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) பாழடைந்து கிடந்த தியாகராசர் அடக்கவிடத்தைத் தம் பொருளைக் கொண்டு கட்டி எழுப்பினார். கட்டியவர்க்கே அங்குப் பாடும் உரிமை இல்லை! அவர் அழுதுகொண்டு ஊர் திரும்பினாரல்லர். பெண்களை ஒன்றுசேர்த்துப் ‘பெண்கள் கட்சி’ என மூன்றாவதொன்றைத் தோற்றுவித்து, அக்கட்டடத்தின் பின்புறத்திலேயே விழா நடத்தினார். முடிவில் 1940-ஐ ஒட்டி மூன்று கட்சிகளும் ஒன்றாயின. பெண்ணின் குரல் முன்புறத்திற்கு வந்தது. இன்று அவர் நினைவிடம் அவர் கட்டிய இடத்திற்கு எதிரிலேயே உள்ளது. அங்குப் பாடப்பட்டவை தெலுங்குப் பாடல்களேயாயினும், அவ்வம்மையாரின் உறுதி தமிழ்விழா எடுப்போர் கற்கத் தக்கது.

அதே திருவையாற்றில் தமிழுக்குக் கிடைத்த வரவேற்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1941-இல் இராசா அண்ணாமலையார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாட்டைக் கூட்டினார். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. தமிழ்நாட்டு மேடையிற் பெரும்பாலும் தமிழ்ப்பாட்டே பாடப்பெறல் வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. ‘இசைக்கு மொழி இல்லை, மொழியைப் புகுத்தினால் இசையின் தகுதி குன்றும்’ என்று எதிர்ப்பாளர் கிளர்ந்தனர். இசைக்கு மொழி இல்லையென்பது மெய்யானால், தெலுங்குப் பாட்டு இருந்த இடத்தில் தமிழ்ப்பாட்டு வந்தமர்வதனால் எதுதான் கெட்டுவிடும்? 1946-இல் திருவையாற்று விழாவில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப்பாட்டைப் பாடினார். பாடிய இடம் தீட்டுப்பட்டுவிட்டது என்னும் பேச்சு எழுந்தது. அதனைக் கண்டித்துக் ‘குடி அரசு’ இதழ் எழுதியது. தமிழ் மண்ணில், காவிரிக் கரையில், தமிழால் தீட்டு! அன்று அந்த ஏச்சுக்கு அஞ்சித் தமிழிசையார் பின்வாங்கியிருந்தால், ஆண்டுதோறும் தமிழிசை விழாவும் பண்ணாய்வுக் கூட்டங்களும் நடைபெறும் நிலை உண்டாகியிராது. மேலிருந்து வரும் குறைக்கு வளையாமை விடையென்பது இதுதான்.

இனி ஊர்க்கேள்விகளுக்கு வருவோர் முதலில் பணக்கேள்வியை எடுத்துக்கொள்க. அது பகைவனின் கேள்வியன்று. பத்து உருபா கொடுத்தவனின் உரிமை. அதற்குச் சினப்பது தகாது. விழா முடிந்த ஒரு கிழமைக்குள் வரவும் செலவும் எழுதி, நூலகத்தின் வாயிலிலும் தேநீர்க்கடைச் சுவரிலும் ஒட்டிவிட வேண்டும். பந்தற்காரர்க்கு எவ்வளவு, கூத்தர்க்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, மிச்சம் யாரிடம் என்பன அதில் இருத்தல் வேண்டும். கணக்கு ஒட்டிய சுவரின்முன் புறங்கூறுவோன் நெடுநேரம் நிற்க மாட்டான்.

திரைப்பாட்டுக் கேள்வியிலும் ஓர் உண்மை உண்டு. மாலை ஆறு மணிக்குத் தெருக்கூத்து என்று துண்டறிக்கை அடித்துவிட்டு, ஒன்பது மணிவரை பேச்சாளர் ஒருவர்பின் ஒருவராய் முழங்குகின்றனர். முகத்தில் வண்ணம் பூசிய கூத்தர் பந்தலின் பின்னே பசியோடு உட்கார்ந்திருக்கின்றனர். குழந்தைகள் தாய்மடியில் உறங்கிவிடுகின்றன. பின்னர்க் ‘கலையைச் சுவைக்க மக்களுக்குத் தெரியவில்லை’ என்று மக்கள்மேற் பழி! உழைத்துக் களைத்து வந்தவர் திரைப்பாட்டைக் கேட்பது தமிழ்ப்பகையாலன்று. வேறொன்றும் உரிய நேரத்தில் அவர்க்குக் கிடைக்காமையால். சிலம்பாட்டமும் ஒயிலாட்டமும் கரகமும் கூத்தும் நேரத்தோடு தொடங்கட்டும். பேச்சு அரைமணியில் முடியட்டும். மக்கள் இருக்கையை விட்டு எழமாட்டார்கள்.

எஞ்சியது பறை. மேல்தெரு அதனை இழிந்ததென்கிறது. தொல்காப்பியமோ நிலந்தோறும் அமைந்த கருப்பொருள்களுள் யாழோடு பறையையும் வைத்து எண்ணுகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறையும், முல்லைக்கு ஏறுகோட் பறையும், நெய்தலுக்கு மீன்கோட் பறையும் உரியனவாக இலக்கண நூலார் வகுத்தனர். பறை அறைந்த குடியை ஊரின் பெருமைக்குரிய குடிகளுள் ஒன்றாகப் புறநானூற்றுப் புலவர் மாங்குடி கிழார் எண்ணினார். அறைந்தவனை இழிந்தவனாக்கிய பின்னரே கருவியும் இழிந்ததாயிற்று. ஆகவே, மேல்தெருவின் முணுமுணுப்புக்காகப் பறையைப் பந்தலுக்குப் பின்னே தள்ளுவது, திருவையாற்றில் பெண்களைப் பின்புறத்திற்குத் தள்ளியதற்கு ஒப்பாகும்.

ஆனால் ஊருக்கு வெளியே உள்ள தெருவிலிருந்தும் ஒரு குறை எழுகின்றது. அதனைக் கேட்கும் செவி பல விழாக்குழுக்களுக்கு இல்லை. ‘எங்கள் பாட்டனும் அப்பனும் பிறர்வீட்டுச் சாவுக்குப் பறையடிக்க வைக்கப்பட்டார்கள். அதை விட்டொழிக்கத்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள். இன்று பண்பாடு என்று சொல்லி அதை மீண்டும் எங்கள் தோளிலேயே மாட்டப் பார்க்கிறீர்களா?’ இக்கேள்வி தமிழ்ப்பகையன்று, தமிழரின் மனச்சான்று. இதற்குத் தொல்காப்பியத்தைக் காட்டி விடையிறுத்தல் புண்ணில் ஏட்டை வைத்துக் கட்டுவது போலாகும்.

இதற்குரிய விடை செயலில்தான் உண்டு. பறை தமிழர் அனைவர்க்கும் உரிய கருவியென்று மேடையில் முழங்குவோர், தம் பிள்ளைகளுக்கு முதலில் அதனைக் கற்பிக்க வேண்டும். நாகசுரக் கலைஞர்க்குக் கொடுக்கும் மதிப்பூதியத்திற் பறைக் கலைஞர்க்கு ஓர் உருபாவும் குறைதலாகாது. துண்டறிக்கையில் ‘பறையாட்டம்’ என்று மட்டும் போட்டு, ஆடுவோர் பெயரை விழுங்கிவிடுதல் கூடாது. விழாக்குழுவில் அத்தெருவினர்க்கு இருக்கை வேண்டும்; அடுக்களையும் பந்தியும் ஒன்றாய் இருத்தல் வேண்டும். அடிக்க விரும்பாதவனை ‘மரபை மறந்தவன்’ என்று எவரும் சொல்லுதல் கூடாது. மறுக்கும் உரிமையும் அவனுடையதே. திண்டுக்கல்லைச் சார்ந்த சக்தி கலைக்குழுவிலே ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்கள் தாமே விரும்பிப் பறையை ஏந்தியதனால், அஃது அவர் கையில் விடுதலைக் கருவியாயிற்று. தானாக எடுத்தால் கலை. பிறர் மாட்டினால் நுகத்தடி.

பந்தலில் பறை முழங்க, விழா முடிந்ததும் அதனை முழக்கியவர் தனியே அமர்ந்து உண்டு செல்வாராயின், அவ்விழாவில் ஒலித்தது தமிழ்ச்சொல்லாய் இருக்கலாம். நடந்தது தமிழர் விழாவன்று. வடசொல்லை நீக்கிய மேடையிலிருந்து, பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் வடநெறியை நீக்காவிட்டால் நீக்கிய சொல்லால் ஆவது என்ன?

ஆகவே, ஏச்சுக்கு அஞ்சி எந்த ஊரிலும் விழா நின்றுவிடலாகாது. ஏச்சே இல்லாத விழா எவரையும் தொடாத விழா. கணக்குக் கேட்பவர்க்குக் கணக்கைக் காட்டுக. கலை கேட்பவர்க்கு நேரத்திற் கலையைக் கொடுக்க. தமிழைத் தீட்டென்பவர் எதிரே இன்னும் உரக்கப் பாடுக. இடம் கேட்டு நிற்பவர்க்கு எழுந்து இடம் தருக. அடுத்த தைத்திங்களில் அதே திடலில் மீண்டும் பந்தற்கால் ஊன்றுக. அக்காலைப் பிடிக்கும் கைகளுள் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் கையும் இருக்க!