பிறந்தநாளுக்கு மொய் ஏடு எதற்கு?

மும்பையின் செம்பூர், முலுண்டு போன்ற பகுதிகளில் உள்ள அடுக்ககங்களில் ஒரே தளத்தில் மூன்று நான்கு மொழிகள் பேசப்படுகின்றன. அவ்வீடுகளின் முதியோரிடம், குழந்தைகளின் பிறந்தநாள் முன்பு எவ்வாறு கொண்டாடப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். தமிழர் வீட்டில் பிறந்த நட்சத்திரத்தன்று குழந்தைக்குப் புத்தாடை உடுத்தி, கோயிலில் அர்ச்சனை செய்து, பாயசம் வைத்தார்கள். மராட்டியர் வீட்டில் தாய் தட்டில் விளக்கேற்றி, பாக்கையும் தங்க மோதிரத்தையும் குழந்தையின் முகத்துக்கு எதிரே சுற்றி, ‘ஔக்ஷண்’ எனும் ஆலத்தி எடுத்தாள். வங்காளியர் வீட்டில் ஒரு கிண்ணம் ‘பாயேஷ்’. அதுவும் பால் பாயசமே. காலையில் தொடங்கிக் காலையிலேயே முடிந்த விழாக்கள் அவை. நடுவில் குழந்தை இருந்தது.

இன்றைய மாலை விழாவின் நடுவில் இருப்பது யார்? வாடகைக்கு எடுத்த அரங்கு, பலூன் வளைவு, பெயர் அச்சிட்ட பதாகை, ஒலிபெருக்கியுடன் விளையாட்டு நடத்த ஓர் ஆள், மந்திரக் காட்சி, மூன்றடுக்குக் கேக். எல்லாம் கூடிவரும்போது இரவு எட்டரை மணி ஆகிவிடுகிறது. நான்கு வயதுக் குழந்தை உறக்கச் சடைவில் அழுதுகொண்டே கத்தியைப் பிடிக்க, பெற்றோர் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

செலவு மட்டும்தான் குறை என்றால் இதை எழுத வேண்டியதில்லை. உள்ளவர் செலவிடட்டும். கடன் அட்டையில் செலவிட்டு நிலுவை வைப்போருக்கு மட்டும் ஒரு சொல்: பல அட்டைகளில் நிலுவைக்கு வட்டி மாதம் 3 விழுக்காட்டுக்கும் மேல். ஆண்டுக்கு 36 விழுக்காட்டைத் தாண்டும். பலூன் ஒரே இரவில் சுருங்கிவிடும், வட்டி சுருங்குவதில்லை.

என் கவலை வேறு. நம் ஊர்த் திருமணங்களில் மொய் எழுத ஓர் ஏடு உண்டு. யார் எவ்வளவு செய்தார்கள், நாம் திருப்பிச் செய்ய வேண்டியது எவ்வளவு என்பது அதில் வெளிப்படையாக இருக்கும். பிறந்தநாள் விழாவில் ஏடு இல்லை. ஆனால் கணக்கு எல்லோர் மனத்திலும் இருக்கிறது. அழைத்தவரைத் திரும்ப அழைக்க வேண்டும். கொண்டுவந்த பரிசுக்கு ஈடாக ‘ரிட்டர்ன் கிஃப்ட்’ கொடுத்தனுப்ப வேண்டும். சென்ற மாதம் அவர்கள் தண்ணீர்க் குப்பி கொடுத்தார்கள் என்றால் இம்மாதம் நாம் பென்சிலோடு நிறுத்த முடியாது. இப்படியே ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டின் விலையை உயர்த்திவிடுகிறது.

இந்த ஏணியில் ஏற இயலாத வீடுகள் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைக்கு விழா நாளன்று தவறாமல் வயிற்றுவலி வரும். அல்லது ஊரிலிருந்து உறவினர் வருவார்கள். உண்மை என்னவென்றால், போனால் அழைக்க வேண்டும், அழைக்க வசதியில்லை. மாலை முழுதும் ஒன்றாகக் கிரிக்கெட் ஆடிய தோழனின் பிறந்தநாளன்று அந்தச் சிறுவன் வீட்டுக்குள் இருக்கிறான். காரணத்தை அவனிடம் யாரும் சொல்வதில்லை. அவனாகவே கண்டுபிடித்துவிடுகிறான்.

ஆகவே, விழாவைச் சுருக்க வேண்டியவர் வசதி உள்ளவரே என்பேன். இல்லாதவர் சுருக்கினால் அது இல்லாமை என்று பேசப்படும். உள்ளவர் சுருக்கினால் ஓரிரு ஆண்டுகளில் அதுவே அந்தக் கட்டடத்தின் வழக்கமாகிவிடும்.

‘ஆண்டுக்கு ஒரு நாள்தானே, அதிலும் கஞ்சத்தனமா?’ என்று சிலர் கேட்பார்கள். அரங்குக்குக் கொடுக்கும் வாடகையில் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் இரயில் சீட்டு எடுத்து அவர்களை ஒரு வாரம் வரவழைத்துக்கொள்ளுங்கள். அது கஞ்சத்தனம் ஆகாது.

எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றவை தாமே சரியாகும். குழந்தையின் வயதோடு ஒன்றைக் கூட்டினால் வருவது போதுமான எண்ணிக்கை. ஆறு வயதுக்கு ஏழு தோழர்கள். பெயர்களைக் குழந்தையே சொல்லட்டும். பெற்றோரின் அலுவலக நண்பர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள் என்பது கூடுதல் நன்மை. மும்பையில் மழைக்காலத்தில் பிறந்த குழந்தைக்குத் திறந்தவெளி கிடையாது; ஆனால் ஏழு பேருக்கு வீட்டுக் கூடமே போதும். மாலை ஐந்து முதல் ஏழு வரை என நேரத்தைத் தொடக்கமும் முடிவுமாக அறிவித்துவிடுங்கள். புதையல் வேட்டைக்குத் துண்டுச் சீட்டுகளை முதல்நாள் இரவு குழந்தையும் நீங்களும் சேர்ந்து எழுதலாம். விழாவின் பாதி மகிழ்ச்சி அதிலேயே கிடைத்துவிடும். உணவுக்குப் பொரி, சேவ், வெங்காயம், சட்னி ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்தால் பிள்ளைகள் தாங்களே பேல்பூரி கலந்துகொள்வார்கள். தரை அழுக்காகும், ஆகட்டும். அதற்குப் பின் ஒரு கிண்ணம் பாயசம். தட்டும் குவளையும் வீட்டில் உள்ள எஃகுப் பாத்திரங்களே. ஒருமுறை பயன்படுத்தும் ஞெகிழித் தட்டு, குவளை, பலூன் குச்சி, அலங்காரத் தெர்மாகோல் ஆகியவை 1.7.2022 முதல் நாடு முழுதும் தடை செய்யப்பட்டவை என்பதைப் பல விழா மேசைகள் இன்னும் அறியவில்லை.

தாத்தா பாட்டி கையில் வைக்கும் பணம் குழந்தையின் பெயரிலேயே சேரட்டும். பத்து வயது நிறைந்த சிறார் தாமே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்க ரிசர்வ் வங்கி 2014-இல் வழி செய்தது. வரம்புகளை அந்தந்த வங்கி வகுத்திருக்கும். பணம் செலுத்தும் படிவத்தைக் குழந்தையின் கையாலேயே நிரப்பச் செய்யுங்கள். அடித்தல் திருத்தல் வரும். காசாளர் பொறுத்துக்கொள்வார்.

அழைப்பை அச்சிட வேண்டாம். கைப்பேசியில் நான்கு வரி போதும். ‘மாலை ஐந்து முதல் ஏழு வரை. விளையாட்டு, பேல்பூரி, பாயசம் உண்டு. பரிசு வேண்டாம், நாங்களும் திரும்பக் கொடுக்கப் போவதில்லை. பிள்ளை வந்தால் போதும்.’ கடைசி இரண்டு வரிகளை எழுதப் பலருக்குக் கை கூசும். ஆனால் கீழ்த்தளத்து வீட்டுச் சிறுவனின் வயிற்றுவலியைத் தீர்க்கக்கூடியவை அவைதாம். அப்படியும் சிலர் பொட்டலத்தோடு வரத்தான் செய்வார்கள். நன்றி சொல்லி வாங்கி உள்ளறையில் வைத்துவிடுங்கள். மற்றப் பிள்ளைகளின் முன்னே பிரிக்க வேண்டாம்.