பெயரும் உருவும்

கொள்ளுப்பிட்டியிலிருந்து வரும் நம் மாணவன் ஒருவன், கணக்குக் கொப்பியுடன் தமிழாசிரியனாகிய என்னிடம் வந்தான். "எக்ஸ் வர்க்கமும் வை வர்க்கமும் ஒரே குணகத்துடன் கூட்டி நின்றால் வட்டம் என்று பாடமாக்கினேன், சேர். இதை வரைய முடியவில்லையே! பெயர் இருக்க உருவம் இல்லாமற் போகுமா?" என்றான். அவன் காட்டிய சமன்பாட்டில், அவ்விரு வர்க்கங்களோடு 4ஐக் கூட்டினால் பூச்சியம் வரவேண்டும். மெய்யெண்ணின் வர்க்கம் மறையெண் ஆகாது. ஆகவே வரைபுத்தாளில் இடுவதற்கு ஒரு புள்ளியேனும் இல்லை.

கூம்பை வெட்டும் தளத்தின் சாய்வுக்கேற்ப வட்டம், நீள்வளையம், பரவளைவு, அதிபரவளைவு என்பன தோன்றும். பின்னைய மூன்றுக்கும் கி.மு. 200ஐ ஒட்டி வாழ்ந்த அப்பொலோனியசு வழங்கிய கிரேக்கப் பெயர்கள், முறையே குறைவு, ஒப்பு, மிகை என்னும் பொருளின. உருவின் இயல்பை ஆராய்ந்த பின்னரே அப்பெயர்கள் பிறந்தன.

நம் மாணவரோ பெயரை முதலிற் பற்றுகின்றனர். செய்யுளை வாய்விட்டு ஓதாது, தேமா புளிமா என்று வாய்பாடு மட்டும் ஒப்பிப்பவனுக்கு ஓசை எங்ஙனம் புலப்படும்? கணக்கும் அத்தகையதே. விதிகள் வேண்டா என்பேனல்லேன். சோதனை மண்டபத்தில் அவை கைகொடுக்கும். ஆயினும், புள்ளிகளைத் தன் கையால் இட்டு இணைத்துப் பழகியவனே, விதி எங்கே தவறும் என்பதையும் அறிவான்.

பழைய மாணவர்களே! ஒரு மாலைப்பொழுதில் மின்சூளைச் சுவருக்கு நேரே பிடித்துப் பின் மெல்லச் சாயுங்கள். ஒளிவட்டம் நீள்வளையமாவதை உங்கள் பிள்ளைகள் காணட்டும். பெயரை அவர்களே பின்னர்க் கேட்பார்கள்.