ஏரிக்கரை மேலயே போங்க



பொங்கல் முடிந்து இரண்டு நாள். விடிந்தும் விடியாத நேரத்தில் முண்டியம்பாக்கம் ரயில் நிலையத்துக்கு வெளியே இரண்டு சைக்கிள்களோடு நின்றோம். ஒன்று என்னுடையது. மற்றொன்று என் அக்கா மகளுக்குப் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்தது. கல்லூரி முடித்த பிறகும் அதை அவள் விடவில்லை. பின்னால் கேரியரில் தண்ணீர் பாட்டில், வேகவைத்த மல்லாட்டை ஒரு பொட்டலம், பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு துண்டு. வேறு ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை.

சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வந்த டிராக்டர்கள் சாலையோரம் வரிசையாக நின்றன. காற்றில் பாகு வாசனை. அந்த வரிசையைத் தாண்டியதும் நான் முதலில் காட்ட நினைத்தது கோயிலையோ கோட்டையையோ இல்லை, ஒரு ரயில் பாலத்தை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. டிசம்பர் 2ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. சென்னைக்கும் தெற்குக்கும் இடையே ரயில்கள் நின்றுபோயின. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இங்கே ஆறு ஒன்று இருப்பதே தெரியாது. வருஷத்தில் பத்து மாதம் அது மணலும் சீமைக்கருவேலமுமாகத்தான் கிடக்கும். தன் இடம் எது என்பதை அது மறக்கவில்லை என்று அந்த டிசம்பரில் எல்லோருக்கும் தெரிந்தது.

அன்றைக்கே எனக்கு ஒரு எண்ணம் விழுந்தது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் பழைய ஊர்களைச் சாலை வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும் என்று. அதற்கு ஏற்ற வண்டி சைக்கிள்தான். ஏரிக்கரை மேல் கார் ஏறாது. நடந்து போனால் ஒரு நாளில் இரண்டு ஊருக்கு மேல் முடியாது.

செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து கிழக்கே இறங்கும் ஆற்றுக்குச் செஞ்சியாறு, வராக நதி, சங்கராபரணி என்று பல பெயர். தொண்டியாறு அதோடு சேரும் இடத்தில் வீடூர் அணை. பிறகு திருவக்கரை, வில்லியனூர் என்று புதுச்சேரிக்குள் நுழைந்து கடலுக்குப் போகிறது. விழுப்புரத்தை ஒட்டி வரும் பம்பையாறும் இதன் உறவுதான். இந்த ஆறுகளுக்கு நடுவே ஏரிகள். ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும். அந்த வரிசையில் மிதித்தால் மேடு குறைவு, வழி தவறுவதும் குறைவு.

முதலில் திருவாமாத்தூர். விழுப்புரத்துக்கு வடமேற்கே, பம்பைக் கரையில். தேவாரம் பாடிய மூவரும் பாடிய ஊர். அபிராமேசுவரர் ஒரு கோயிலில், முத்தாம்பிகை எதிரே தனிக் கோயிலில், ஒருவரை ஒருவர் பார்த்தபடி. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் மடம் அமைத்து வாழ்ந்து 1898இல் மறைந்ததும் இங்கேதான். ஆனால் நான் அக்கா மகளுக்குச் சொன்னது இரட்டைப் புலவர் கதை. ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்கு நடக்க முடியாது; ஒருவர் சுமக்க, ஒருவர் வழி சொல்ல, ஊர் ஊராகப் போய்ப் பாடியவர்கள். திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடும்போது கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிச் சொல்லிவிட்டார்களாம். ஊரார் தவறு என்றார்கள். அன்றிரவே பெருமழை பெய்து, பம்பை தன் போக்கை மாற்றிக்கொண்டு பாட்டை மெய்யாக்கியது என்பது கதை. பக்திக் கதையாகவே இருக்கட்டும். ஆறு ஒரே ராத்திரியில் இடம் மாறும் என்பது தெரிந்த மக்கள் சொன்ன கதை அது. ரயில் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்த அவள், கதை முடியும்வரை ஆற்று மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து வடக்கே. செஞ்சி சாலையில் கொஞ்ச தூரம், பிறகு ஊர்ச் சாலைகள். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. தார்ச் சாலையிலேயே நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள், ஓரமாக ஒரு சக்கரத்துக்கு மட்டும் வழி விட்டு. அந்த வழி எங்களுக்காகவே விட்டது போல இருந்தது.

தளவானூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில். முகப்பில் மகர தோரணம். அதே குன்றின் மேலே சமணர் படுக்கைகள். கொஞ்ச தூரத்தில் மண்டகப்பட்டு, விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பாறையில் வெட்டிய ஒரு மண்டபம், இரண்டு பக்கமும் இரண்டு துவாரபாலகர்கள். பார்க்க மிக எளிமையான இடம். ஆனால் அங்குள்ள வடமொழிக் கல்வெட்டைப் படித்தால் உடம்பு சிலிர்க்கும். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதையும் இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் எடுத்தான் என்கிறது அது. மகேந்திரனின் பட்டப் பெயர் அது. அதுவரை தெரிந்த கட்டடப் பொருள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணி, எதுவும் வேண்டாம் என்று சொல்லும் ஒருவனின் மகிழ்ச்சி 1400 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கல்லில் இருக்கிறது. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த துப்ராய், பல்லவக் கலையைத் தேடி நல்ல சாலை இல்லாத காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் அலைந்தவர். இன்று நமக்கு வழுவழுப்பான சாலை இருக்கிறது. மண்டபத்தில் நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் வேறு யாரும் வரவில்லை. அது எனக்கு வருத்தமாக இருந்தது, இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பனமலைக்கு வழி கேட்டோம். டீக்கடை வாசலில் பனங்கிழங்கு கட்டு போட்டு விற்ற அம்மா, "தார் ரோட்டுல போவாதம்மா, வெயிலு. ஏரிக்கரை மேலயே போங்க, நேரா மலையடியில வுட்டுடும்" என்றார். அப்படியே போனோம். இடது பக்கம் நிறைந்த நீர், வலது பக்கம் பச்சை, எதிரே குன்றின் உச்சியில் கோயில். அந்தக் காட்சியைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்க்க வழியே இல்லை. கோயில் தாளகிரீசுவரருடையது, தாளம் என்றால் வடமொழியில் பனை, கிரி என்றால் மலை. ஊர்ப் பெயரையே சாமிக்கும் வைத்திருக்கிறார்கள். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய ராஜசிம்மன் கட்டியது. மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்த கை, ஏறத்தாழ நூறு ஆண்டில் பனமலையில் கல்லை அடுக்கி வானத்தில் ஏற்றிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு மணி நேர மிதிப்புதான்.

வடபுறச் சிறு கோயிலின் சுவரில் ஓர் ஓவியம். தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்து நிற்கும் தேவி. ஈசனின் நடனத்தைப் பார்த்து நிற்கிறாள். அவள் பார்க்கும் நடனம் ஏறக்குறைய முழுக்க அழிந்துவிட்டது. பார்க்கும் முகம் மட்டும் மிச்சம். ஓவியம் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவசியம் கூட்டிப் போங்கள். சுவரைத் தொடாதீர்கள், தொட விடாதீர்கள். பெயர் கிறுக்கியவர்களின் கை அங்கேயும் எட்டியிருக்கிறது.

எண்ணாயிரம் என்ற ஊருக்கு மறுநாள் காலை போனோம். ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த கல்விச்சாலையைப் பற்றிய கல்வெட்டு அந்த ஊரின் பெருமாள் கோயிலில் இருக்கிறது. இன்னார்க்கு இவ்வளவு நெல் என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள். சமணர் குன்று ஒன்றும் உண்டு. இதைத் தனிக் கட்டுரையாகவே எழுத வேண்டும்.

பிறகு கிழக்கே வீடூர் அணை, அதற்குக் கீழே திருவக்கரை. வக்கிரகாளி கோயிலுக்கு பௌர்ணமிதோறும் பஸ் பஸ்ஸாக வருகிறவர்களில் பலர் பக்கத்திலேயே உள்ள கல்மரப் பூங்காவுக்குள் போவதில்லை. ஏறத்தாழ 2 கோடி ஆண்டு வயதான மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. 1781இல் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பற்றி எழுதினார். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பூங்காவாக்கியது. காளி வதைத்த வக்கிராசுரனின் எலும்புகள் என்று ஊர்ச் சொல். படுத்துக் கிடக்கும் அந்தத் தண்டுகளில் கிளை இல்லை, வேர் இல்லை, பட்டை இல்லை. அவை அங்கே முளைத்தவை அல்ல, பெருவெள்ளம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து போட்டவை என்பதற்கு அதுதான் சாட்சி. என் அக்கா மகள் ஒரு தண்டின் வளையங்களை விரலால் காற்றில் எண்ணிக்கொண்டே, "சித்தி, அந்த ரயில் பாலம் மாதிரியேதானே?" என்றாள்.

ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றோரம் பாசாவிலிருந்து வியன்னா வரை சைக்கிளுக்கென்றே வழி போட்டிருக்கிறார்கள். குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். கரைகள் ஏற்கெனவே இருக்கின்றன. கருவேலத்தை வெட்டி, பனையை விட்டுவைத்து, கலங்கல்களில் தாண்ட ஒரு பலகையும், ஊர் முனையில் ஒரு பெயர்ப் பலகையும் வைத்தால் போதும். மாவட்ட நிர்வாகமும் ஊராட்சிகளும் மனம் வைத்தால் ஒரு வெயில் காலத்தில் முடிகிற வேலை.

போகிறவர்கள் மார்கழி முதல் மாசிக்குள் போங்கள். டிராக்டரில் கரும்பு கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முந்தாதீர்கள், பின்னாலேயே பொறுமையாக வாருங்கள். கோயில் பூட்டியிருந்தால் ஊருக்குள் விசாரியுங்கள். மழைக்காலத்தில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போனால் முழங்கால் அளவுதானே என்று இறங்க வேண்டாம்.

நீங்கள் போன வழியைக் கையால் வரைந்து எங்களுக்கு அனுப்புங்கள். எந்தக் கரை உடைந்திருக்கிறது, எந்த இடத்தில் நிழல், யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள் என்பதையும் குறித்து. அடுத்த இதழிலிருந்து ஒவ்வொன்றாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்